இரண்டு பேட்டரிக் கட்டை ஆக்சிஜன்

பூமிக்கு ஆக்சிஜன் வந்த கதையில் என் மாமாவுக்கு வேலை போனது. இதைச் சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். நடுவே நானூற்றைம்பது கோடி ஆண்டுகளும் ஓர் ஆயுத பூஜையும் இருப்பதால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

நான் அப்போது ஏழாம் வகுப்பில் இருந்தேன். பெங்களூர் ஜோகுபாளையத்தில் மொட்டை மாடியை ஒட்டிய ஒற்றை அறை வீடு. அப்பா லாரி ஓட்டுபவர். அவர் வீட்டில் இருந்தால் அன்று விசேஷம். மற்றபடி நான், அம்மா, அம்மாவின் தம்பியான மாமா, மூன்று பேர்தான். அம்மா ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்த்தாள். கண்ணாடிக் கதவில் ஒரு கைரேகை இருந்தாலும் மேனேஜர் கூப்பிட்டுக் காட்டுவாராம். அதனாலோ என்னவோ, அழுக்கைக் கண்டால் வீட்டிலும் அவள் கை சும்மா இருக்காது. மாமா ஆஸ்டின் டவுனில் ஒரு வண்ண மீன் கடையில் இருந்தார். காலையில் கடை திறப்பது, தொட்டிக் கண்ணாடியில் படியும் பாசியைச் சுரண்டுவது, மீனுக்குத் தீனி போடுவது எல்லாம் அவர்தான். முதலாளி சாயங்காலம்தான் வருவார்.

அந்தக் கடையில் எனக்குப் பிடித்த காட்சி ஒன்று உண்டு. மின்சாரம் போனால் தொட்டிகளில் குமிழி விடும் மோட்டார்கள் நின்றுவிடும். உடனே மாமா ஒரு பிளாஸ்டிக் மக்கை எடுத்து, தொட்டித் தண்ணீரையே மொண்டு, கையை உயரத் தூக்கி, டீ ஆற்றுவதுபோல அதே தொட்டியில் ஊற்றுவார். ஒரு தொட்டி முடிந்ததும் அடுத்தது, எல்லாம் முடிந்ததும் மறுபடி முதல் தொட்டி. விழுகிற தண்ணீர் காற்றையும் உள்ளே இழுத்துக்கொண்டு போகும், அதில்தான் மீன் பிழைக்கும் என்பார். எனக்கு அது விளையாட்டாகத் தெரிந்தது. பெரிய தொட்டிக்கு மட்டும் மக்கு போதாது என்று முதலாளி பேட்டரிக் கட்டையில் ஓடும் சின்ன மோட்டார் ஒன்றை வாங்கிப் போட்டிருந்தார். மின்சாரம் இருக்கும் நேரமெல்லாம் அது சுவரில் ஓர் ஆணியில் சும்மா தொங்கும்.

அந்த வருடம் தசரா விடுமுறை முடிந்ததும் பள்ளியில் அறிவியல் கண்காட்சி என்றார்கள். யார் எதைச் செய்வது என்று மிஸ் சீட்டுக் குலுக்கிப் போட்டார். ஒருத்திக்கு எரிமலை வந்தது, ஒருவனுக்குக் காற்றாலை, இன்னொருத்திக்கு அணைக்கட்டு. எனக்கு வந்த சீட்டில் பூமியின் காற்று உருவான விதம் என்று இருந்தது. எரிமலையைக் களிமண்ணில் செய்யலாம், அணையைத் தெர்மகோலில் செய்யலாம். காற்றை எதில் செய்வது? மிஸ்தான் வழி சொன்னார். ஒரு கண்ணாடி பாட்டிலில் ஏரித் தண்ணீரைப் பிடித்து வெயிலில் வை, பாசி வளரும், வெயில் பட்டால் பாசியிலிருந்து ஆக்சிஜன் குமிழியாக மேலே வரும், அதுதான் உன் மாடல் என்றார். குமிழி வந்தால் உனக்கு ஒரு மேசை, வராவிட்டால் பூங்கொத்து வரிசை என்றும் கன்னடத்தில் சேர்த்துக்கொண்டார். விருந்தினர் வந்தால் கொடுப்பதற்காகப் பூங்கொத்தோடு வாசலில் நிற்கும் வரிசை அது. போன வருடம் நான் அதில் நின்றவள். மூன்று மணி நேரம் நின்றேன், விருந்தினர் வரவேயில்லை, வாடிப்போன ரோஜாவை மிஸ்ஸிடமே திருப்பிக் கொடுத்தேன். மறுபடி அங்கே நிற்பதைவிடப் பள்ளிக்கூடத்தையே விட்டுவிடலாம் என்று எனக்கு இருந்தது.

அல்சூர் ஏரியின் கம்பி வேலிக்குள் கையை விட்டு மாமாதான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். பாட்டிலை மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது வாரம் தண்ணீர் இளம்பச்சையானது. மூன்றாவது வாரம் ஒரு நல்ல வெயில் நாளில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு ஒரு குமிழி வந்தது, கடுகு அளவு. நான் போட்ட கூச்சலில் பக்கத்து மாடியில் துணி காயப்போட்டவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

பேச வேண்டியதை மாமாவை உட்கார வைத்துத்தான் ஒப்பித்துப் பழகினேன். பள்ளியில் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். மாமாவுக்காகத் தமிழில் சொன்னேன். பூமிக்கு முதலில் இருந்த காற்று மிகவும் லேசானது, அதைப் பூமியால் பிடித்து வைத்துக்கொள்ள முடியவில்லை, வானத்தைத் தாண்டிப் போய்விட்டது. அடுத்த காற்று பூமியின் வயிற்றுக்குள்ளிருந்தே வந்தது. எரிமலைகள் நீராவியையும் கரியமில வாயுவையும் நைட்ரஜனையும் கக்கின. நீராவி குளிர்ந்து மழையாகக் கொட்டிக் கடலானது. இவ்வளவு இருந்தும் சுவாசிக்க ஆக்சிஜன் கிடையாது. பிறகு கடலில் கண்ணுக்குத் தெரியாத நீலப்பச்சைப் பாசி தோன்றியது. அது வெயிலைத் தின்று, தனக்கு வேண்டாத கழிவாக ஆக்சிஜனை வெளியே தள்ளியது.

"உடனே காத்துல கலந்துடுச்சா?" என்றார் மாமா.

இல்லை என்றேன். கடல் முழுக்க இரும்பு கரைந்திருந்தது. பாசி விட்ட ஆக்சிஜனை எல்லாம் அந்த இரும்பு பிடித்துக்கொண்டு துருவாகி அடியில் போய்ப் படிந்தது. இப்படியே கோடிக்கணக்கான ஆண்டுகள். நம் பெல்லாரிப் பக்கத்துச் சிவப்பு இரும்புப் பாறையெல்லாம் அந்தக் காலத்துத் துருதான் என்று மிஸ் சொன்னதையும் சொன்னேன்.

"அவ்ளோ நாளும் அது பாட்டுக்கு வேல செஞ்சினே இருந்துச்சா? ஒருத்தனுக்கும் தெரியலயா?"

"அப்போ ஒருத்தனும் இல்ல மாமா."

மாமா வெகுநேரம் சிரித்தார். இரும்பு தீர்ந்த பிறகுதான் ஆக்சிஜன் காற்றில் தங்கியது, அப்போது இருந்த பழைய உயிர்களுக்கு அது விஷமாகப் போயிற்று, செத்தவை போக மிச்சம் சேற்றுக்குள் போய் ஒளிந்துகொண்டன, ஏரிச் சேறு நாறுவது அவற்றால்தான் என்று நான் மேலே சொல்லிக்கொண்டே போனேன். மாமா கேட்டாரா என்று தெரியாது. பாட்டிலைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆயுத பூஜை வந்தது. அந்த வாரம் முழுக்க அம்மா கம்பெனியில் கம்ப்யூட்டர்களைத் துடைத்துப் பொட்டு வைக்கும் வேலையில் இருந்தாள். பூஜையன்று வீட்டுக்கு வந்து அதே வேகத்தில் வீட்டையும் துடைத்தாள். மிக்சி, அரிவாள்மனை, இஸ்திரிப் பெட்டி, மாமாவின் சைக்கிள் எல்லாம் குளித்துப் பொட்டு வைத்துக்கொண்டன. பொரி வாங்கக் கடைக்குப் போன நான் திரும்பி வந்து பார்த்தபோது, என் புத்தகங்களுக்குப் பக்கத்தில் பாட்டில் பளபளவென்று நின்றது. சோப்புத்தூள் போட்டு, பிரஷ் விட்டுத் தேய்த்து, குழாயில் வரும் காவேரித் தண்ணீர் நிரப்பி, கழுத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தாள். அம்மா எதையும் அரைகுறையாகச் செய்பவள் அல்ல.

நான் அழுத அழுகையில் பூஜை கால்மணி நேரம் தள்ளிப்போனது.

"பூஜ நாளு அதுவுமா பாசி புடிச்ச பாட்டில எவளாவது வீட்ல வெச்சினு இருப்பாளா? இஸ்கூலுக்குன்னு ஒரு வார்த்த சொன்னியாடி?" என்று அம்மாதான் முதலில் சத்தம் போட்டாள். மூன்று வாரமாக மாடியில் இருந்ததை அவள் பார்க்கவே இல்லையாம். காலையில் இருட்டோடு போய் இருட்டோடு வருபவளுக்கு மாடியில் என்ன இருந்தது என்று எப்படித் தெரியும்? அது எனக்கு அன்று தோன்றவில்லை. சத்தம் போட்டு ஓய்ந்ததும் அவள் முகம் சின்னதாகிவிட்டது. மாமாவைத் தனியாகக் கூப்பிட்டு, "எதாவது பண்ணுடா. கொழந்த மூணு வாரம் பாத்து பாத்து வெச்சிருக்குது" என்று சொன்னது எனக்குக் கேட்டது.

மறுநாள் மாமா கடைத் தொட்டிகளில் சுரண்டிய பாசியை ஒரு பிளாஸ்டிக் கவரில் கொண்டுவந்தார். அவர் தினமும் சாக்கடையில் கொட்டுவது அதுதான். முதலிலேயே கேட்டிருந்தால் ஏரி வேலிக்குள் கைவிடும் வேலையே இருந்திருக்காது. பாட்டில் மறுபடி பச்சையானது, ஆனால் வானம் மூடிக்கொண்டது. பெங்களூரில் ஐப்பசி மாதத்து மேகம் ஒருமுறை வந்து உட்கார்ந்தால் லேசில் எழுந்திருக்காது. மூன்று நாள் வெயில் இல்லை, குமிழியும் இல்லை. கண்காட்சிக்கு முந்தின நாள் சாயங்காலம் மாமா சட்டைக்குள்ளிருந்து எதையோ எடுத்து என் முன்னால் வைத்தார். ஆணியில் தொங்கும் பேட்டரி மோட்டார்.

மேசைக்குக் கீழே மோட்டார், மேசை விரிப்புக்குப் பின்னால் மெல்லிய குழாய், குழாயின் நுனியில் ஓட்டைகள் உள்ள சின்னக் கல். அதைப் பாட்டிலின் அடியில் பாசிக்குள் புதைத்துவிட்டால் குமிழி பொங்கிக்கொண்டு வரும்.

"பொய்தானே மாமா இது?"

"காத்துதானே வருது? இந்தக் காத்துல கீற ஆக்சிஜன யாரு உட்டது? நீ சொன்ன பாசிதானே? அப்புறம் இன்னா பொய்யி?"

நான் சொல்லிக்கொடுத்ததை எனக்கே திருப்பிவிட்டார். எனக்கோ அதற்குள் மனதில் மேசை கிடைத்துவிட்டது.

கடையில் பெரிய தொட்டிக்கு அந்த வாரம் புதிதாக மீன் வந்திருந்தது. தட்டையாக, வட்டமாக, நீலக்கோடு போட்ட உயர்ந்த ரக மீன்கள், இருபது. ஏதோ ஒரு பெரிய ஹோட்டலுக்காக வரவழைத்தவை. தொட்டி கொள்ளும் அளவைவிட அதிகம், இரண்டு நாளில் போய்விடும் என்று முதலாளி அதிலேயே விட்டிருந்தார். மின்சார மோட்டார் ஓடும்வரை கவலையில்லை. கண்காட்சியன்று காலையில் மாமா சீக்கிரமே கடை திறந்து தீனி போட்டுவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு பள்ளிக்கு வந்தார். பதினொன்றரைக்குள் நடுவர் பார்த்துவிடுவார், பன்னிரண்டுக்கு மோட்டாரை ஆணியில் மாட்டிவிடலாம் என்பது அவர் போட்ட திட்டம். முதலாளியிடம் சொல்லவில்லை.

கல் அடியில் நிற்காமல் மேலே மேலே வந்ததால், மாமா மேசைக்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்து குழாயை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். குமிழிகள் அழகாக வந்தன. பாட்டில் கழுத்தில் அம்மா வைத்த குங்குமம் கூட அழியாமல் இருந்தது. சிறப்பு விருந்தினர் வழக்கம்போல வரவில்லை. அவர் வந்து விளக்கேற்றாமல் நடுவர் ஒரு மேசையையும் பார்க்கமாட்டார் என்றார்கள். பதினொன்றரை ஆனது, பன்னிரண்டு ஆனது.

அப்போது மின்சாரம் போனது.

கூடம் முழுக்க 'ஓ' என்ற சத்தம். எரிமலைக்குள் எரிந்த சிவப்பு பல்பு அணைந்தது. காற்றாலை நின்றது. அணைக்கட்டின் தண்ணீர் பாதி வாய்க்காலில் நின்றுபோனது. என் பாட்டில் மட்டும் பொங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைகளும் பெற்றோரும் என் மேசையைச் சூழ்ந்துகொண்டார்கள். வாழ்க்கையில் அதுவரை அவ்வளவு பேர் என்னைப் பார்த்ததில்லை.

மாமா ஒரு கையால் செல்போனை எடுத்து, மீன் கடைக்குப் பக்கத்துப் பெட்டிக்கடைக்காரருக்குப் போன் செய்தார்.

"அண்ணா, அங்க கரண்ட் கீதா? எப்பலேர்ந்து இல்ல? பதினொண்ணா? இல்லண்ணா, சாவி எங்கிட்டதான் கீது."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "பாப்பா, நான் போயே ஆவணும். பெரிய தொட்டி மீனுக்குக் காத்து இல்ல. ஆட்டோல போய்ட்டு சுருக்கா வந்துடறேன்."

நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். விருந்தினரின் கார் வாசலுக்கு வந்துவிட்டது என்று யாரோ கத்தினார்கள்.

"போவாத மாமா. நீ கைய எடுத்தா கல்லு மேல வந்துடும். எல்லாருக்கும் தெரிஞ்சுடும்." அது போதவில்லை என்று தெரிந்ததும் இன்னொன்றும் சொன்னேன். "அம்மா கழுவுனதாலதானே இப்டி ஆச்சு."

மாமா மறுபடி உட்கார்ந்தார். பதினோரு வயதில் யாரை எங்கே தொட்டால் நகரமாட்டார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

விருந்தினர் பேசினார். விளக்கேற்றினார். மறுபடி பேசினார். நடுவர் ஓய்வுபெற்ற பேராசிரியர், பொறுமைசாலி, ஒவ்வொரு மேசையிலும் நின்று அணைந்துபோன மாடல்களைப் பற்றிக் கேட்டறிந்தார். நான் ஒன்பதாவது மேசை. மாமா சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பதும் குமிழியைப் பார்ப்பதுமாக இருந்தார். அவருக்குச் சலித்துவிட்டது என்று நினைத்தேன். என் முறை வந்தபோது மணி இரண்டைத் தாண்டியிருந்தது. லேசான காற்று, எரிமலை, மழை, கடல், பாசி, துரு எல்லாவற்றையும் தடங்காமல் சொன்னேன். தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் இல்லாவிட்டால் மீன்கூட உயிர்வாழ முடியாது என்று முடித்தேன். அந்த வரி மிஸ் எழுதிக் கொடுத்தது. மாமாவுக்கு முன்னால் நின்றுகொண்டுதான் சொன்னேன்.

நடுவர் பாட்டிலைக் குனிந்து பார்த்தார். குங்குமத்தைப் பார்த்துப் புன்னகைத்தார். பிறகு மாமாவிடம், இது ஆக்சிஜன்தானா என்று கன்னடத்தில் கேட்டார். மாமாவும் கன்னடத்திலேயே, நாம் இழுக்கிற காற்றுதான் சார் என்றார். நடுவர் சிரித்தார். குழாயைப் பார்த்தாரா, பார்த்தும் விட்டுவிட்டாரா என்று இன்றைக்கும் தெரியாது. எனக்கு இரண்டாம் பரிசு. மின்சாரம் இல்லாமலே கைப்பிடியால் சுற்றும் ராட்டினம் செய்தவனுக்கு முதல் பரிசு.

கோப்பையை வாங்கியதும் மாமா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினார். வழியில் நான் பேசிக்கொண்டே வந்தேன். அவர் மடியில் இருந்த மோட்டாரை அசைத்து அசைத்துப் பார்த்தார்.

ஆஸ்டின் டவுனிலும் மின்சாரம் வரவில்லை. கடைக்குள் அரை இருட்டு. பெரிய தொட்டியில் மீன்கள் எல்லாம் மேலே வந்திருந்தன. நீர்மட்டத்தில் வரிசையாக நின்று வாயைத் திறந்து திறந்து மூடின. அடியில் சில ஒருக்களித்துப் படுத்திருந்தன. அவை தூங்குகின்றன என்றும், மற்றவை என் கோப்பையைப் பார்க்க வந்திருக்கின்றன என்றும் நினைத்தேன். கண்ணாடிக்கு எதிரே கோப்பையைத் தூக்கிப் பிடித்தேன்.

மாமா மோட்டாரின் குழாயைத் தொட்டியில் போட்டார். நாலு குமிழி வந்தது, நின்றுவிட்டது. இரண்டு கட்டைகளும் என் மேசைக்கடியிலேயே தீர்ந்துபோயிருந்தன. மக்கை எடுத்து ஊற்ற ஆரம்பித்தவர் திரும்பாமலே, "பாப்பா, பக்கத்துக் கடைல ரெண்டு பேட்டரிக் கட்ட வாங்கினு ஓடி வா" என்றார்.

ஓடினேன். கோப்பையோடு ஓடினேன். பெட்டிக்கடைக்காரர் கட்டைகளைத் தேடி எடுத்துக்கொண்டே, "இன்னாம்மா கப்பு?" என்று கேட்டார். மின்சாரம் இல்லாததால் அவருக்கு வியாபாரமும் இல்லை. நான் சொன்னேன். முதலில் இருந்தே சொன்னேன். லேசான காற்று பறந்துபோனது, எரிமலை கக்கியது, மழை கொட்டியது, பாசி வந்தது, இரும்பு துருப்பிடித்தது. அவர் கல்லாமேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு நல்ல கவனத்தோடு கேட்டார். ஓர் இடத்தில் தடங்கியபோது, பள்ளியில் சொன்ன வேகம் வரவில்லையே என்று கொஞ்சம் பின்னால் போய் மறுபடி தொடங்கினேன். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. நானூற்றைம்பது கோடி ஆண்டுகளைச் சொல்லி முடிக்க எத்தனை நிமிடம் ஆனது என்று யாரும் என்னைக் கேட்டதில்லை, மாமா உட்பட.

மாமா தீபாவளிக்கு அந்தக் கடையில் இல்லை. ஒத்துவரவில்லை என்று அம்மாவிடம் சொன்னார், அம்மா அதற்குமேல் கேட்கவில்லை. இப்போது அத்திபெலேயில் ஒரு கிடங்கில் இருக்கிறார். பேச்சு எப்போதாவது பள்ளிக்கூடத்துப் பக்கம் போனால் அந்தக் கோப்பை இன்னும் இருக்கிறதா என்று விசாரிப்பார். இருக்கிறது என்பேன்.

கட்டைகளோடு நான் கடைக்குள் திரும்பியபோது மாமா ஊற்றிக்கொண்டிருக்கவில்லை. மக்கு தரையில் இருந்தது. சட்டையெல்லாம் நனைந்து, தொட்டிக்கு முன்னால் குந்தியிருந்தார். நீர்மட்டத்தில் வாயைத் திறக்கும் மீன் ஒன்றுகூட இல்லை. என் கையிலிருந்து கட்டைகளை வாங்கி, பழையவற்றை எடுத்துவிட்டு, நிதானமாகப் போட்டு மூடினார். குமிழிகள் பொங்கிக்கொண்டு வந்தன, பள்ளியில் வந்ததைவிட இரண்டு மடங்கு. இதை அந்த நடுவர் பார்த்திருந்தால் முதல் பரிசே கொடுத்திருப்பார் என்று மாமாவிடம் சொன்னேன்.

"ஆமா பாப்பா" என்றார்.